தமிழில் ஒரு டிஜிட்டல் அட்லஸ்: தரவு கிடைக்கிறது, பெயர்களை யார் போடுவது?

2024 பிப்ரவரி 11, மாலை (சிங்கப்பூர், தெம்பனிஸ் வாசகர் ஒருவரின் கேள்வி)

மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். திரையில் பெரிதாக்கிப் பார்க்கிற மாதிரி தமிழில் ஓர் அட்லஸ் தேடினேன், மனதுக்குப் பிடித்தது கிடைக்கவில்லை. நேச்சுரல் எர்த் தளத்தில் உலக வரைபடத் தரவு எல்லாம் இலவசம். வரைபடம் வரையும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். கோப்புகளை இறக்கி, பெயர்களைத் தமிழில் மாற்றினால் ஒரு நீண்ட வார இறுதியில் அட்லஸ் தயாராகிவிடும் என்பது என் கணக்கு. இவ்வளவு எளிது என்றால் ஏன் இன்னும் யாரும் செய்யவில்லை?

2024 பிப்ரவரி 11, இரவு (என் பதில்)

படம் வார இறுதியில் வந்துவிடும். அட்லஸ் வராது. சமூக மன்றத்தில் நடக்கும் எங்கள் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் இதில் இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் இறக்கிய கோப்பில் சிங்கப்பூர் இருக்கிறதா என்று பாருங்கள். நேச்சுரல் எர்த் மூன்று அளவுகளில் கிடைக்கிறது: 1:1 கோடி, 1:5 கோடி, 1:11 கோடி. சின்னக் கோப்பு என்பதால் பலரும் கடைசியில் உள்ளதைத்தான் எடுப்பார்கள். அதன் நாடுகள் லேயரில் (படத்தின் ஓர் அடுக்கு) சிங்கப்பூர் கிடையாது. கணக்குப் போட்டால் காரணம் புரியும். நம் தீவு கிழக்கு மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 1:11 கோடியில் அது அரை மில்லிமீட்டர்கூட வராது, பேனா முனையின் தடிப்புதான். 1:1 கோடியில் அரை சென்டிமீட்டர் வரும், அந்தக் கோப்பில் நாம் இருக்கிறோம்.

சிங்கப்பூர்ப் பிள்ளை ஒன்று அட்லஸைத் திறந்ததும் முதலில் தேடுவது தன் ஊரை. ஆகவே உலகப் பக்கத்துக்கு 1:11 கோடி போதும் என்றாலும், குட்டி நாடுகளுக்கென்றே அவர்கள் தரும் தனிப் புள்ளி லேயரையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். தென்கிழக்காசியப் பக்கத்துக்கு 1:1 கோடியைவிட விவரம் குறைந்த எதுவும் வேண்டாம்.

2024 பிப்ரவரி 12

சீனப் புத்தாண்டு விடுமுறை, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"பெயர்களைத் தமிழில் மாற்றினால்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். முக்கால்வாசி வேலை அதில்தான் இருக்கிறது. நாடுகள் கோப்பின் அட்டவணையைத் திறந்து வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போங்கள். அரபு, வங்காளம், இந்தி, இந்தோனேசியம், ஜப்பானியம், வியட்நாமியம், உருது என்று மொழிக்கொரு பெயர்ப் பத்தி வரும். தமிழுக்குப் பத்தி இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு மனம் சுருங்கியது.

ஆனால் அதே அட்டவணையில் விக்கிடேட்டா எண் என்று ஒரு பத்தி உண்டு. விக்கிடேட்டா என்பது விக்கிப்பீடியாவோடு இணைந்த பொதுத் தரவுத்தளம். சிங்கப்பூர் க்யூ334, மாநிலங்கள் கோப்பில் தமிழ்நாடு க்யூ1445, இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். விக்கிடேட்டாவில் அந்த எண்ணுக்குத் தமிழ்ப் பெயர் யாராவது கொடுத்திருந்தால் மொத்தமாக இழுத்துக்கொள்ளலாம். எண்களைப் பட்டியலாகக் கொடுத்து, தமிழ்ப் பெயர்களைக் கேட்டு, வருவதை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமித்து, கியூஜிஐஎஸ்ஸில் எண் வழியாக இணைத்தால் முடிந்தது. நாடுகளுக்கு எல்லாம் தமிழ்ப் பெயர் வந்துவிடும். பெரிய ஆறுகள், தலைநகரங்கள் ஓரளவு வரும். சிறு நகரம், மலைத்தொடர், வளைகுடா, தீவு என்று இறங்க இறங்க வெற்றுக் கட்டங்கள் கூடிக்கொண்டே போகும்.

அந்த வெற்றுக் கட்டங்களை எங்கே நிரப்புவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம் கணினியில் கிடக்கும் சிஎஸ்வியில் நிரப்பினால் நம் அட்லஸ் ஒன்றுதான் நிரம்பும். விக்கிடேட்டாவிலேயே நிரப்பினால் அடுத்து வருபவர் இறக்கும்போது அது அங்கே இருக்கும். கணக்கு ஒன்று திறந்து, பக்கத்துக்குப் போய், தமிழ் என்ற வரியில் பெயரைத் தட்டிச் சேமிக்க ஒரு நிமிடம் போதும். விக்கிடேட்டாவின் உரிமம் சிசி0, யாரும் எதற்கும் எடுக்கலாம். "ஏன் இன்னும் யாரும் செய்யவில்லை" என்று கேட்டீர்களே, என் ஊகம் இது: செய்தவர்கள் இருப்பார்கள். அவரவர் கணினியோடு நின்றுபோயிருக்கும்.

2024 பிப்ரவரி 13

ஈசூனிலிருந்து கேட்டவருக்கு: கூகல் மேப்பைப் பார்த்துப் பெயர்களை எழுதி எடுக்கக் கூடாது. உரிமம் இடம் தராது. ஜியோநேம்ஸ் என்ற இடப்பெயர்த் தளத்தில் மொழிக் குறியோடு மாற்றுப் பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டு, தமிழும் இருக்கிறது. அவர்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும்.

2024 பிப்ரவரி 15

இழுத்து வந்த பெயர்களை அப்படியே படத்தில் ஒட்டிவிடாதீர்கள். விக்கிப்பீடியாவின் தமிழ் நடை செருமனி, உருசியா, பிரான்சு என்று போகும். இங்கே வகுப்பிலும் செய்தித்தாளிலும் பிள்ளைகள் பார்ப்பது ஜெர்மனி, ரஷ்யா, பிரான்ஸ். எது சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. விக்கிடேட்டாவில் ஒரு முதன்மைப் பெயரும் எத்தனை மாற்றுப் பெயர்களும் வைக்கலாம். முதன்மையை மாற்றப் போராடாமல், நம் வழக்கை மாற்றுப் பெயராகச் சேருங்கள். அட்லஸில் "படத்தில் காட்டும் பெயர்" என்று தனிப் பத்தி வைத்துக்கொண்டு அதில் நம் வழக்கைப் போடுங்கள். தேடல் பெட்டி மட்டும் எல்லா வடிவங்களையும் கண்டுபிடிக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்த பாட்டியும் இங்கே பிறந்த பேரனும் ஆளுக்கொரு வடிவத்தைத் தட்டினாலும் ஒரே நாடு வர வேண்டும்.

2024 பிப்ரவரி 18

எழுத்து. இதைப் பற்றி எழுதாமல் இந்த இழை முழுமையாகாது.

கியூஜிஐஎஸ்ஸில் தமிழ் நன்றாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டு, ஆங்கிலத்துக்கு வைக்கும் அளவைவிட ஓரிரு புள்ளி கூட்டினால் படிக்கவும் சுகம். சிக்கல் வலையில் ஏற்றும்போது வருகிறது. இன்றைய வலை வரைபட நூலகங்கள் பல, எழுத்துகளை உலாவியிடம் விடாமல் கிராஃபிக்ஸ் சில்லு வழியாகத் தாங்களே வரைகின்றன. ஒவ்வொரு யூனிகோட் குறியையும் தனித்தனிப் படமாக எடுத்து வரிசையாக அடுக்குவதுதான் அவற்றின் வழி. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'தெ' என்பது உள்ளே த, அப்புறம் கொம்பு என்ற வரிசையில் இருக்கிறது, கண்ணுக்குக் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றம் நடக்காவிட்டால் தெம்பனிஸ் குழம்பும், பொங்கோல் உடையும், 'கு' 'டி' எல்லாம் ஒட்டாமல் நிற்கும்.

மொழியையே சரியாக எழுதாத அட்லஸைப் பிள்ளைகள் முன் வைக்க எனக்கு மனமில்லை. இரண்டு வழிகள் உண்டு. பெயர்களை மட்டும் எச்டிஎம்எல்லாகப் படத்தின் மேல் வைப்பது ஒன்று. உலாவி தமிழைச் சரியாகவே எழுதும், லீஃப்லெட் நூலகத்தில் இது சுலபம். பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்வரை தாங்கும், ஆயிரங்கள் ஆனால் கைபேசி திணறும். இன்னொன்று, கியூஜிஐஎஸ்ஸிலேயே பெயர்களோடு படமாக வரைந்து டைல்கள் என்னும் சிறு சதுரங்களாக வெட்டுவது. எழுத்து கச்சிதமாக இருக்கும், ஆனால் ஒரு பெயரைத் திருத்தினாலும் மறுபடி வெட்ட வேண்டும். உலகப் பக்கங்களுக்கு இரண்டாவதையும், திருத்தம் ஓயாத சிங்கப்பூர்ப் பக்கங்களுக்கு முதலாவதையும் வைத்திருக்கிறேன்.

2024 பிப்ரவரி 19

ஒரு சேர்க்கை. ஆங்கில அட்லஸ்களில் கடல் பெயர்களை எழுத்தெழுத்தாக விரித்துப் போடுவார்கள். தமிழில் அதைச் செய்யாதீர்கள். விரிக்கிற மென்பொருளுக்கு எழுத்து எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் கொம்பும் காலும் தனித்தனியாகப் போய் நிற்கும். வங்காள விரிகுடா என்பதை இரண்டு வரியாக, சாய்த்து, வெளிர்நீலத்தில் போட்டால் அழகாகவே இருக்கிறது.

2024 பிப்ரவரி 25

"ஷேப்ஃபைலில் தமிழ் பாதியில் வெட்டுப்படுகிறது" என்று எழுதியவருக்கு. வரைபடத் தரவுக்கான அந்தக் கோப்பு வகை பழையது. அதன் பத்தித் தலைப்புக்கு 10 பைட் இடம்தான் உண்டு. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் எடுக்கும். மூன்று குறிகள் முடிந்து நாலாவது பாதியில் நிற்கும். 'பெயர்' என்ற சொல்லுக்கே 15 பைட் வேண்டும். உள்ளே எழுதும் பெயருக்கு அதிகபட்சம் 254 பைட், அதாவது 84 குறிகள். பெரும்பாலான ஊர்ப் பெயர்களுக்குப் போதும், குறிப்புரை எழுத முடியாது.

இறக்கியது ஷேப்ஃபைலாக இருந்தாலும் முதல் வேலையாக ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வகைக்கு மாற்றிவிடுங்கள். எஸ்கியூலைட் தரவுத்தளத்தை அடிப்படையாகக் கொண்டது, எல்லா லேயரும் ஒரே கோப்பில் இருக்கும், பத்தித் தலைப்பையே தமிழில் வைக்கலாம். கட்டாயம் ஷேப்ஃபைல்தான் வேண்டுமென்றால் எழுத்துக் குறிமுறையைச் சொல்லும் சிபிஜி கோப்பையும் கூடவே அனுப்புங்கள். அது இல்லாமல் போனால் தமிழ் பொருளற்ற குறிகளாக வரக்கூடும்.

2024 மார்ச் 2

சிங்கப்பூர் காணாமல் போன கதை. ஒரு நண்பர் உள்ளூர்த் தரவு ஒன்றை உலகப் படத்தின் மேல் போட்டாராம், நம் தீவு ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் மிதக்கிறதாம். படம் அனுப்பியிருந்தார். கானாவுக்குத் தெற்கே, கினி வளைகுடாவில், பூமத்திய ரேகையை ஒட்டி அமைதியாக நிற்கிறது நம் ஊர்.

இதற்கு விளக்கம் எளிது. சிங்கப்பூரின் நில அளவை எஸ்விஒய்21 என்ற ஆயத்தொலைவு முறையில் நடக்கிறது. ஆயத்தொலைவு முறைகளின் உலகப் பட்டியலான இபிஎஸ்ஜியில் அதன் எண் 3414. அதன் தொடக்கப் புள்ளி தீவின் நடுவே, 1°22' வடக்கு, 103°50' கிழக்கு. அந்தப் புள்ளிக்குச் சுழியம் கொடுக்காமல் கிழக்கே 28001.642 மீட்டர், வடக்கே 38744.572 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அதனால் தீவில் எங்கே நின்றாலும் எண்கள் கூட்டலாகவே வரும், கழித்தல் குறி வராது. கட்டுமான அலுவலகத்தில் வரைபடம் போட்ட காலத்தில் இந்த இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம்.

இப்போது இந்த மீட்டர்களை வலை வரைபடங்களின் மெர்க்காட்டர் முறை (3857) என்று மென்பொருளிடம் சொன்னால் என்ன ஆகும்? அந்த முறையில் சுழியம் என்பது பூமத்திய ரேகையும் கிரீனிச் ரேகையும் வெட்டும் இடம். அங்கிருந்து 28 கிலோமீட்டர் கிழக்கே, 38 கிலோமீட்டர் வடக்கே என்றால் கினி வளைகுடாதான். லேயரின் பண்புகளில் 3414 என்று திருத்துங்கள், தீவு வீடு திரும்பிவிடும். வலைக்கான ஜியோஜேசன் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது, டிகிரியில் அளக்கும் 4326க்கு மாற்றிவிடுங்கள். அந்த வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில், அட்சரேகை பின்னால். நாம் வாயால் சொல்லும் வரிசைக்கு நேர் எதிர்.

2024 மார்ச் 9

உள்ளூர்ப் பக்கங்கள். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் 2019 பெருந்திட்டத்தில் 55 திட்டமிடல் வட்டாரங்கள், 332 துணை வட்டாரங்கள். எல்லைக் கோப்புகள் அரசின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

இறக்கியதும் எல்லைகளை எளிமையாக்கத் தோன்றும், கோப்பு கனம். அப்போது ஒவ்வொரு வட்டாரத்தையும் தனித்தனியாக எளிமையாக்கும் கருவியைப் பயன்படுத்தாதீர்கள். பீஷானுக்கும் தோ பாயோவுக்கும் இடையே யாருக்கும் சொந்தமில்லாத மெல்லிய சந்துகள் முளைக்கும். பொது எல்லையைப் பொது எல்லையாகவே அறிந்து எளிமையாக்கும் மேப்ஷேப்பர் போன்ற கருவி வேண்டும். உலாவியிலேயே ஓடும், இலவசம்.

கரையோரம் தனிப் பிரச்சினை. 1960களில் நம் நிலப்பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர், இப்போது 730க்கு மேல். கடலைத் தூர்த்து வளர்ந்த ஊர் இது. ஒரு கோப்பின் கரையோரம் ஓர் ஆண்டுக்கு உரியது, இன்னொன்றின் கரையோரம் வேறோர் ஆண்டுக்கு உரியது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் துவாஸிலும் சாங்கியிலும் சாலைகள் கடலில் ஓடும். எந்தக் கோப்பு எந்த ஆண்டு என்று லேயர் பெயரிலேயே எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பிசிறையே ஒரு பாடமாக ஆக்கலாம் என்று பார்க்கிறேன். பீச் ரோட்டுக்கு ஏன் அந்தப் பெயர், கடல் எங்கே போனது என்று கேட்கட்டும்.

2024 மார்ச் 10

மறந்துவிட்டேன். அரசு எல்லைக் கோப்பு ஜொகூர் நீரிணையோடு முடிந்துவிடும். அதை மட்டும் வைத்தால் நாம் வெள்ளைத் தாளில் தனியாக மிதப்போம். ஜியோஃபேப்ரிக் தளத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் (பலர் சேர்ந்து வரையும் திறந்த உலக வரைபடம்) தரவு மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் சேர்ந்து ஒரே கோப்பாக வருகிறது, ஜொகூர் பாரு அதில் கிடைக்கும். பாத்தாம், பிந்தானுக்கு இந்தோனேசியக் கோப்பு வேண்டும். 1924ல் திறந்த ஜொகூர் கடற்பாலத்துக்கு 2024ல் நூறு வயது. அது பாதியில் அறுந்து நிற்கிற படத்தை வெளியிட வேண்டாம்.

இன்னொன்று, பெட்ரா பிராங்கா. 2008ல் அனைத்துலக நீதிமன்றம் சிங்கப்பூருக்கு உரியது என்று தீர்ப்பளித்த பாறைத் தீவு. 1851ல் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. நம் தீவின் கிழக்கு முனையோடு படத்தை வெட்டினால் அது வெளியே போய்விடும். படத்தின் எல்லையைக் கிழக்கே நீட்டுங்கள்.

2024 மார்ச் 24

பிப்ரவரி 12 அன்று எழுதியதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எல்லாவற்றையும் பொதுத் தரவில் ஏற்றுவோம் என்ற உற்சாகம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் விக்கிடேட்டாவுக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் 'நேம்:டிஏ' என்ற டேக்கில் (குறிச்சொல்லில்) தமிழ்ப் பெயரைச் சேர்க்கலாம். அந்தச் சமூகத்தின் அடிப்படை, தரையில் உள்ளதை எழுது என்பது. எம்ஆர்டி நிலையத்தின் பலகையில் தமிழ் இருக்கிறது, கோயிலின் முகப்பில் தமிழ் இருக்கிறது, பள்ளிவாசலில் சில இடங்களில் இருக்கிறது. அவற்றை நேரில் பார்த்து ஏற்றலாம், ஏற்ற வேண்டும். ஆனால் இருக்கும் எல்லாச் சாலைகளின் பெயரையும் ஒரு நிரலை ஓட்டித் தமிழில் ஒலிபெயர்த்துக் கொட்டுவது வேறு. அங்கே பலகை ஆங்கில எழுத்தில் மட்டும்தான் நிற்கிறது. மென்பொருள் உண்டாக்கிய எழுத்துக்கூட்டலை நாளை யாரோ இறக்கி, "இதுதான் சாலையின் தமிழ்ப் பெயர்" என்று அச்சிடுவார்கள். தமிழுக்கு நல்லது செய்யப்போய் தமிழில் குப்பை சேர்ப்பதாக முடியும்.

ஆகவே இப்படிப் பிரித்திருக்கிறேன். கண்ணால் கண்ட பெயர் ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு. அச்சில் வழங்கும் பெயர் விக்கிடேட்டாவுக்கு. ஒலிபெயர்ப்பு மட்டும் என்றால் அட்லஸின் சொந்த அட்டவணைக்கு, "ஒலிபெயர்ப்பு" என்ற குறியோடு. வகுப்புப் பிள்ளைகள் நிலையம் நிலையமாகப் பலகைகளைப் படம் எடுத்து வருகிறார்கள். அவர்களுடைய பெற்றோரும் இப்போது பலகைகளை நிமிர்ந்து பார்க்கிறார்கள், அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

2024 மார்ச் 29

பழைய பெயர்கள் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பெரிய வெள்ளி விடுமுறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்க்கெட் ஸ்திரீட்டைத் தமிழர்கள் செட்டித் தெரு என்றார்கள், செட்டியார்களின் கிட்டங்கிகள் அங்கே இருந்தன. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் வட்டாரத்துக்குச் சுண்ணாம்புக் கம்பம் என்று பெயர், சுண்ணாம்புக் காளவாய்களால் வந்தது. இவை இன்றைய பலகைகளில் இல்லை, ஆகவே இன்றைய லேயரில் வராது. ஆண்டுப் பத்திகளோடு தனி லேயர் ஒன்று வைத்தால், கீழே ஒரு நகர்த்தியை இழுத்துக் காலத்துக்கேற்பப் பெயர்களைக் காட்டலாம்.

பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து இன்றைய படத்தின் மேல் பொருத்துவது வேறு வேலை. 1822ல் வரைந்த ஜாக்சன் திட்டப்படத்தில் சூலியா கம்போங் (தென்னிந்தியர் குடியிருப்பு) என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது யாருக்கும் அதை இன்றைய தெருக்களோடு ஒட்டிப் பார்க்க ஆசை வரும். எனக்கும் வந்தது. கியூஜிஐஎஸ்ஸில் பொதுப் புள்ளிகளைக் குறித்து இழுத்தால் ஆற்று வளைவு ஒரு பக்கம் போகும், ஃபோர்ட் கேனிங் குன்று இன்னொரு பக்கம் போகும். ஏனென்றால் அது ஊர் எப்படி அமைய வேண்டும் என்று போட்ட திட்டம், நிலத்தை அளந்து வரைந்தது இல்லை. ரப்பர் மாதிரி வளைக்கும் முறைகளால் கட்டாயப்படுத்திப் பொருத்தலாம், ஆனால் அப்போது படம் பொய் சொல்லத் தொடங்கும். அதைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், மேலே ஒட்டாதீர்கள். 1841 முதல் 1853 வரை அரசு நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் காலத்து அளவைப் படங்கள் இதைவிட நன்றாக உட்காரும். மேலே சொன்ன கலங்கரை விளக்கத்தை வடிவமைத்தவரும் அவர்தான்.

2024 மார்ச் 30

உரிமம் கேட்டவருக்குச் சுருக்கமாக. நேச்சுரல் எர்த்: பொதுச் சொத்து, பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்: பங்களிப்பாளர்களைக் குறிப்பிட வேண்டும், அதிலிருந்து கட்டிய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ஜிஏடிஎம் (நாடுகளின் உள் எல்லைத் தரவு): படிப்புக்குச் சரி, வணிகத்துக்கும் மறுபகிர்வுக்கும் அனுமதி இல்லை. இந்தக் கடைசியை அட்லஸில் சேர்க்காதீர்கள், அப்புறம் முழு அட்லஸையும் பிறருக்குக் கொடுக்க முடியாமல் போகும்.

2024 ஏப்ரல் 7

அப்பா 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்தவர். அந்தக் கப்பல் 1926ல் கட்டியது, சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டு ஓடியது. அட்லஸில் அந்தப் பாதையை வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் போதும் என்றுதான் தோன்றும். நாகையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோடு போட்டால், ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர், அது ஆச்சேயில் கரையேறி சுமத்ராவின் மேலே நடந்து வருகிறது. கப்பல் அப்படி வராது. வங்காள விரிகுடாவைக் கடந்து, பெரிய நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே நுழைந்து, மலாக்கா நீரிணை வழியே பினாங்கைத் தொட்டு இறங்க வேண்டும். இடையில் திருப்புமுனைகளைக் கையால் வைத்து வரைந்தேன். ஜெப்கோவின் கடலாழத் தரவை அடியில் போட்டதும் அந்தக் கோட்டுக்கே உயிர் வந்த மாதிரி இருந்தது. வங்காள விரிகுடாவில் 3,000 மீட்டர் ஆழத்தின் மேல் வந்த கப்பல், நீரிணைக்குள் வந்ததும் சில பத்து மீட்டர் ஆழத்துக்கு வந்துவிடுகிறது. கருநீலம் மெல்ல வெளுத்து வரும். அப்பாவுக்குக் காட்டினேன். பினாங்கு வருவதற்கு முன்பே தண்ணீரின் நிறம் மாறிவிடும் என்று அவராகவே சொன்னார்.

2024 ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். இன்று கடையநல்லூர்.

மேக்ஸ்வெல் உணவங்காடியின் முகவரி கடையநல்லூர் ஸ்திரீட். அங்கே சாப்பிட வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊர் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியும்? அந்தத் தெருவைத் தொட்டால் அந்த ஊருக்குப் படம் பறக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பறந்து போய் இறங்கினால் தரவு பழையது. கடையநல்லூர் இப்போது தென்காசி மாவட்டம், 2019ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. இணையத்தில் சுற்றும் மாவட்ட எல்லைக் கோப்புகள் பலவற்றில் இன்னும் 32 மாவட்டங்கள்தான். இப்போது 38. இறக்கியதும் மாவட்டங்களை எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் எல்லைகளை எடுத்தால் புதிய மாவட்டங்கள் கிடைக்கும், தமிழ்ப் பெயர்களோடு.

தேச எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. நேச்சுரல் எர்த் தரையில் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அதன்படி எல்லை போடும். நாடுகள் தத்தம் பார்வையில் காட்டும் எல்லைகளுக்கும் தனிக் கோப்புகள் தருகிறது, இந்தியாவுக்கும் உண்டு. இந்தியாவுக்குள் வெளியிடுவோர் இந்திய நில அளவைத் துறையின் எல்லையைத்தான் பின்பற்ற வேண்டும்.

2024 ஏப்ரல் 20

மேட்டு நிலம் பற்றி: 2000ல் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு 30 மீட்டர் இடைவெளியில் கிடைக்கிறது. நம் தீவின் மிக உயரமான குன்று புக்கிட் தீமா 163 மீட்டர். ஆனால் ரேடார் பார்ப்பது மேற்பரப்பை. மரக்கூட்டத்தின் தலையும் அடுக்குமாடி வீடுகளின் கூரையும் நிலம் என்றே பதிவாகும். தோ பாயோவில் குன்று தெரிந்தால் அது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகள். உலகப் பக்கங்களுக்கு இந்தத் தரவு அருமை, தீவுக்குள் வேண்டாம்.

மக்கள்தொகைப் படம் கேட்டிருந்தீர்கள். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3%, 2020ல் 2.5%. இதை வட்டாரவாரியாக நிறம் தீட்டலாம் என்று தொடங்கினேன். பெருந்திட்டக் கோப்பில் வட்டாரப் பெயர்கள் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில், அட்டவணையில் அப்படி இல்லை. அதைச் சரிசெய்யாமல் இணைத்தால் ஒரு வரியும் ஒட்டாது. ஒட்டிய பிறகு பார்த்தால் கண்ணை இழுப்பது மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதி போன்ற அகலமான காட்டுப் பரப்புகள். மனிதர்கள் நெருக்கமாக வாழும் இடம் சின்னதாக ஒதுங்கிக் கிடக்கிறது. நிறத்தைக் கைவிட்டு, மக்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற வட்டங்களுக்கு மாறிவிட்டேன். ஈசூன், உட்லண்ட்ஸ், செங்காங் எல்லாம் அப்போதுதான் தங்கள் அளவுக்கு எழுந்து நின்றன. 3.3 இலிருந்து 2.5 ஆன எண்ணைப் படத்தின் மூலையில் பெரிதாகவே போட்டிருக்கிறேன். பெரியவர்கள் பார்க்க வேண்டிய எண் அது.

2024 ஏப்ரல் 28

தெம்பனிஸ் நண்பர் முதல் பக்கத்தை முடித்துவிட்டார், தென்கிழக்காசியா, 1:1 கோடி, குட்டித் தீவுகளோடு. நன்றாக வந்திருக்கிறது. பிலிப்பீன்ஸ் கடல் பெயர் ஒரு தீவின் மேல் ஏறியிருக்கிறது, கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துங்கள்.

ஏற்றுவதற்கு செர்வர் எதுவும் வேண்டாம். டைல்களை பிஎம்டைல்ஸ் என்ற ஒரே கோப்பாகக் கட்டிச் சாதாரணக் கோப்பு இடத்தில் வைத்தாலே ஓடும். உலகத்துக்கு ஆழமான ஜூம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஜூமுக்கும் டைல்கள் நான்கு மடங்காகும், ஜூம் 14ல் உலகம் முழுவதற்கும் 26 கோடிக்கு மேல். உலகத்துக்கு 6 வரை, சிங்கப்பூருக்கு மட்டும் 16 வரை என்று நிறுத்தியிருக்கிறேன்.

பாக்கி இருப்பது இந்தோனேசியத் தீவுகள், மலேசிய ஆறுகள், பர்மாவின் நகரங்கள். பர்மாவில் பல ஊர்களுக்குத் தமிழில் பழைய வழக்கு உண்டு, வீட்டில் யாராவது ரங்கூனிலிருந்து வந்தவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். பட்டியலை எடுத்துக்கொள்பவர்கள் எந்த நாடு என்று இங்கே ஒரு வரி போட்டுவிடுங்கள், இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்ய வேண்டாம். பெயர் அனுப்பும்போது விக்கிடேட்டா எண், தமிழ்ப் பெயர், எங்கே பார்த்தது அல்லது யார் சொன்னது, இந்த மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது காலியாக இருந்தால் நான் ஏற்ற மாட்டேன்.